எங்கள் சங்கம் ஆரஞ்சு நிறமான கதை

எங்கள் ஊர்க் கால்பந்துச் சங்கத்துக்குப் பொன்விழா மலர் போடப்போகிறார்கள், அதில் சங்கத்தின் வரலாற்றை நான்தான் எழுத வேண்டும் என்று ஊரிலிருந்து போன் வந்தபோது, அபுதாபியின் முசஃபாவில் எங்கள் கம்பெனி ஸ்டோரில் ஹெல்மெட் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்பத்து மூன்றாவது ஹெல்மெட் கையில் இருந்தது. பேசி முடித்து போனை வைத்தபோது அது எண்பத்து மூன்றா தொண்ணூற்று மூன்றா என்று மறந்துபோனது. முதலிலிருந்து எண்ணினேன்.

என்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில் எனக்கு மயக்கம் எதுவும் கிடையாது. ஆடத் தெரிந்தவர்களுக்கு எழுத வராது. எழுத வருகிறவர்கள் படித்துப் பெரிய ஆளாகி எங்களை மறந்துவிட்டார்கள். இரண்டும் அரைகுறையாகத் தெரிந்து சங்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவன் நான் ஒருவன்தான். நான் சங்கத்தின் மூன்றாவது கோல்கீப்பராக, ஊர்ப் பேச்சில் கோலியாக, ஆறு வருடம் இருந்தவன். முதல் கோலிக்குக் காய்ச்சலும் இரண்டாவது கோலிக்குக் கல்யாணமும் ஒரே நாளில் வந்ததால் ஒரே ஒரு ஆட்டத்தில் இறங்கினேன். ஐந்து கோல் வாங்கினேன். அதில் ஒன்றை நானே கையில் பிடித்து, பத்திரமாக, கோட்டுக்கு உள்ளே கொண்டுபோய் வைத்தேன். அடுத்த வருடமே விசா எடுத்து அபுதாபிக்கு வந்துவிட்டேன். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஊரின் பெயரையும் சங்கத்தின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. கடலோர ஊர். வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருப்பார். மே மாதக் கோப்பைக்காக லீவைச் சேர்த்துவைத்துப் போகிற கூட்டம் நாங்கள். சொந்தத் தங்கையின் கல்யாணத்துக்குப் பத்து நாள் லீவு கேட்டவன் கோப்பைக்கு முப்பது நாள் கேட்பான். லீவு கிடைக்காதவர்கள் இங்கேயே ஒரு கிளை வைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் ஒரு மணல் மைதானத்தில் ஆடி, சுளுக்கிக்கொண்டு, திங்கட்கிழமை டியூட்டிக்கு நொண்டிக்கொண்டு போவார்கள்.

மலர்க் குழு எனக்கு ஒரு திட்டமும் அனுப்பியிருந்தது. தோற்றம், வளர்ச்சி, கோப்பைகள், பிறகு ‘நிறமும் நெறியும்’ என்று ஓர் அத்தியாயம். அதற்கு மட்டும் குறிப்புகளையும் அவர்களே எழுதியிருந்தார்கள். எங்கள் ஆரஞ்சு நிறம், கடலில் உதிக்கும் சூரியன். நெஞ்சின் குறுக்கே ஓடும் இரண்டு சாம்பல் பட்டைகளில் ஒன்று கடல் தாண்டிப் போனவர், மற்றது கரையில் காத்திருப்பவர். சின்னத்துக்குக் கீழே எழுதியிருக்கும் ‘காப்பே முதல்’ என்ற வாசகம், முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற நெறி.

படித்துவிட்டு ஒரு மூட்டை கையுறையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். சூரியனும் கடல் தாண்டியவரும் யாருடைய கற்பனை என்று எனக்குத் தெரியும். மூன்று வருடம் முன்னால் இங்கே கிளையின் ஆண்டுவிழாவில், பிரியாணி தாமதமானதால் கூட்டத்தை உட்காரவைக்க யாராவது பேச வேண்டியிருந்தது. பேசியவன் நான். கைதட்டல் பலமாக இருந்ததால் பட்டைகளுக்கும் விளக்கம் கொடுத்துவிட்டேன். அதைத்தான் இப்போது வரலாறு என்று எனக்கே திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

உண்மையான வரலாறு வேறு. எங்கள் சங்கத்தின் நிறம் கரும்பச்சை. ஆரம்பித்த நாளிலிருந்து கரும்பச்சைதான். பதினோரு வருடம் முன்னால் அதை ஆரஞ்சாக்கியவன் நான். அதுவும் வேண்டுமென்று அல்ல. பெட்டியை மாற்றி அனுப்பியதால்.

அந்த வருடக் கோப்பைக்கு வளைகுடாக் கிளையின் சார்பில் புதுச் சட்டைகள் அனுப்புவது என்று முடிவாகி, பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். நியாயமான முடிவுதான். கம்பெனி ஸ்டோர்கீப்பர் நான்; ஆட்களுக்கு உடுப்பு தைத்து வாங்குவதே என் வேலை. முசஃபாவில் நான் வழக்கமாக யூனிஃபார்ம் வாங்கும் மலையாளி கடையில் இருபத்திரண்டு கரும்பச்சைச் சட்டைகள் சொன்னேன். சங்கத்தின் சின்னம், எண், எல்லாம் அச்சடித்து. அதே வாரம் எங்கள் கம்பெனிக்கு ஒரு சாலை வேலை கிடைத்திருந்தது. அந்த ஆட்களுக்காக ஆரஞ்சுச் சட்டைகளும் அதே கடையில்தான் சொன்னேன். தூரத்தில் வரும் வண்டிக்கும் தெரிகிற, கண்ணைக் குத்துகிற ஆரஞ்சு. குறுக்கே வெளிச்சம் பட்டால் மின்னும் இரண்டு சாம்பல் பட்டைகள். முதுகில் கொட்டை எழுத்தில் ‘சேஃப்டி ஃபர்ஸ்ட்’. இரண்டும் ஒரே நாளில், ஒரே அளவுப் பெட்டியில் வந்தன. இரண்டின் மேலும் என் பெயரும் என் மொபைல் நம்பரும் இருந்தன. உள்ளே என்ன என்று எழுதவேண்டியவன் ஸ்டோர்கீப்பர். ஸ்டோர்கீப்பர் நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று சாப்பிடப் போனான்.

மறுநாள் கார்கோக்காரன் வந்து அவசரப்படுத்தினான். ஊருக்கென்று ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மற்ற பெட்டியை சைட்டுக்கு என்று ஒதுக்கிவைத்தேன். இருபது வருட அனுபவம் உள்ளவன், ஒரு கத்தியால் நாடாவை அறுத்து உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து சாலை வேலை ஆரம்பித்தது. முதல் நாள் காலை எட்டு மணிக்கு சைட்டிலிருந்து ஃபோர்மேன் கூப்பிட்டார். அரியலூர்ப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர், எதையும் பதற்றமில்லாமல் சொல்வார்.

“சார், சட்டையெல்லாம் குடுத்துட்டேன் சார். பத்தாம் நம்பருக்கு மட்டும் ரெண்டு பாய்ங்க சண்ட போட்டுக்கிறாங்க. யாருக்குக் குடுக்கறது?”

“எந்தப் பத்தாம் நம்பர்?”

“சட்டயில போட்டிருக்கு சார். எனக்கு ஒண்ணாம் நம்பர் வந்திருக்கு. ஃபோர்மேன்னு தெரிஞ்சே குடுத்திருக்கீங்க போல. சந்தோசம் சார்.”

வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். முசஃபாவின் புழுதியில், தோண்டிப் போட்ட சாலையில், கரும்பச்சைச் சட்டையில் எங்கள் சங்கம் தார் போட்டுக்கொண்டிருந்தது. நெஞ்சில் எங்கள் சின்னமான கலங்கரை விளக்கமும் பந்தும். ஏழாம் நம்பர் பெஷாவர்க்காரர் ரோலர் ஓட்டினார். நான்காம் நம்பர் வண்டிகளைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். நான் ஆறு வருடம் போட ஏங்கிய ஒன்றாம் நம்பரைப் போட்டுக்கொண்டு ஃபோர்மேன் என்னைப் பார்த்துச் சிரித்தார். எகிப்துக்கார சேஃப்டி ஆபீசர் அந்த நேரம் பார்த்து வந்து இறங்கினார். பச்சையாக நின்ற இருபத்திரண்டு பேரையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். “கலாஸ்,” என்றார், முடிந்தது என்று. வேலை நிறுத்தப்பட்டது.

மேனேஜர் அறையில் விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் ஊரிலிருந்து செக்ரட்டரி காக்கா கூப்பிட்டார். சங்கத்தின் நிரந்தரச் செயலாளர் அவர். எங்கள் ஊரில் அண்ணன் காக்கா, அப்பா வாப்பா; சின்னவர்களையும் செல்லமாக வாப்பா என்போம். அவரைவிட மூத்தவர்கள்கூட அவரை செக்ரட்டரி காக்கா என்றுதான் சொல்வார்கள். பெட்டியைப் பிரித்துவிட்டாராம். மறுநாள் முதல் ஆட்டம். பழைய சட்டைகளைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாகிவிட்டது. “என்ன வாப்பா இது, ரோடு போடுற ஆளு சட்டை மாதிரி இருக்கே?” என்றார். அவ்வளவு துல்லியமாக யாரும் எதையும் அடையாளம் கண்டு நான் பார்த்ததில்லை. பெட்டி மாறிப்போனது என்று உண்மையைச் சொன்னேன். எதிரில் மேனேஜர் பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். ஏதேதோ சொல்லி போனை வைத்தேன்.

பிறகு நடந்ததை எல்லோரும் அறிவார்கள். வேறு வழியில்லாமல் முதுகில் வெள்ளைப் பெயின்டால் எண் எழுதி, தொளதொளவென்று முழங்கால்வரை தொங்கும் ஆரஞ்சுச் சட்டையில் எங்கள் பையன்கள் இறங்கினார்கள். கூட்டம் சிரித்தது. மாலை ஆட்டம். மைதானத்து விளக்குகளைப் போட்டதும் பட்டைகள் பளீரென்று மின்ன ஆரம்பித்தன. எங்கள் ஆள் எங்கே நிற்கிறான் என்று எங்கள் ஆளுக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. எதிரணி கோலி கண் கூசுகிறது என்று நடுவரிடம் முறையிட்டான். விதிப்புத்தகத்தில் அதற்கு ஒன்றும் இல்லை. எத்தனையோ வருடமாகக் கைக்கு வராத கோப்பை அந்த வருடம் வந்தது.

ஜெயித்த சட்டையை யார் மாற்றுவார்கள்? அடுத்த வருடம் அதே ஆரஞ்சில், அதே பட்டைகளோடு, அளவாகத் தைத்தார்கள். முதுகில் இருந்த ஆங்கிலத்தை ஒரு தமிழாசிரியர் ‘காப்பே முதல்’ என்று அழகுபடுத்த, அது சின்னத்தில் ஏறியது. தடுப்பாட்டத்தின் தத்துவம் என்று அதற்கு ஒருவர் கட்டுரையே எழுதினார். இங்கிருந்தவர்கள் ஊர் முடிவு செய்தது என்று நினைத்தார்கள். ஊர், வளைகுடாக் கிளை கேட்டு செக்ரட்டரி காக்கா மாற்றினார் என்று நினைத்தது. நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டினேன்.

இதோடு முடிந்திருந்தால் இது வெறும் சிரிப்புக் கதை. இதில் கேப்டன் மாமா இருக்கிறார்.

சங்கத்தை ஆரம்பித்தவர் அவர். முதல் கேப்டன். எழுபதைத் தாண்டியும் ஊர் அவரை கேப்டன் என்றே கூப்பிடுகிறது. அவரும் செக்ரட்டரி காக்காவும் ஒரே தெரு, ஒரே வகுப்பு, ஒரே வருடம் பெயிலானவர்கள். தினமும் சண்டை போடுவார்கள், மறுநாள் ஒரே டீயை இரண்டாக ஊற்றிக் குடிப்பார்கள். அந்தக் கோப்பைக்கு ஒரு வாரம் முன்னால் கமிட்டியில் ஒரு சண்டை. பந்தைத் தூக்கி அடித்து ஓடுவதுதான் ஆட்டம் என்பது மாமா கட்சி. “ஒன் காலத்து ஆட்டம் முடிஞ்சுபோச்சு, இனி எல்லாத்தையும் மாத்தணும்,” என்று செக்ரட்டரி காக்கா சொல்லிவிட்டார். மாமா எழுந்து போனார். வழக்கமான சண்டைதான். ஆறியிருக்கும். அதற்குள் முதல் ஆட்டம் வந்துவிட்டது. மாமா மைதானத்துக்கு வந்தார். தன் சங்கம் ஆரஞ்சு நிறத்தில் ஓடுவதைப் பார்த்தார்.

“யாருடா மாத்துனது?” என்று கேட்டாராம்.

“நான்தான்,” என்றாராம் செக்ரட்டரி காக்கா.

மாமா வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பெருநாள் தொழுகையில்கூட வேறு வரிசைக்குப் போய் நின்றார்.

எனக்கு இது போனில் வந்து சேர்ந்தபோது நான் என்ன நினைத்தேன் என்பதை எழுதவேண்டும், இல்லையென்றால் இதை எழுதுவதே வீண். ‘அப்பாடா’ என்று நினைத்தேன். கோப்பை கிடைத்ததும் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. தப்பு செய்தவன் நான், பெயர் வாங்குகிறவர் அவரா என்று. மனிதர் புகழுக்காக என் பெட்டியைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார் என்றே பதினோரு வருடம் நம்பினேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

மாமி இறந்தபிறகு, நான்கு வருடம் முன்னால், கேப்டன் மாமாவை அவர் மகன் இங்கே கூட்டிவந்துவிட்டார். முசஃபாவை ஒட்டிய ஷாபியாவில் ஃபிளாட். என் அறையிலிருந்து நடந்து போகிற தூரம். என்னைத் தேடித்தான் வந்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வருவார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மைதானத்துக்கு முதுகைக் காட்டிப் போட்டு உட்காருவார். ஆரஞ்சைப் பார்க்கமாட்டார். பந்து சத்தத்தை மட்டும் கேட்டு, “இடது காலால அடிச்சான், வெளியதான் போயிருக்கும்,” என்பார். வெளியேதான் போயிருக்கும். நான் கோலியாக நிற்கிற நாளில் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார். சத்தம் கேட்கவே தாங்கமுடியவில்லையாம்.

இப்போது பொன்விழா. மாமா வந்து பந்தை உதைத்துத் தொடங்கிவைக்க வேண்டும் என்று ஊரில் தீர்மானம் போட்டார்கள். போட்டவர் செக்ரட்டரி காக்கா. அவருக்கு இதயத்தில் கோளாறு, இரண்டு முறை ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்திருக்கிறார், படியேறக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். தீர்மானம் வந்ததும் மாமா சொன்ன பதில் சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோருக்கும் தெரியும். “பச்சையத் தூக்கி எறிஞ்சவன் கையால எனக்கு மாலை வேண்டாம்.” ஒருவருக்கு எழுபத்து மூன்று, இன்னொருவருக்கு இதயம் சரியில்லை. இந்த முறை மாமா போகவில்லையென்றால் இனி இருவரும் பேசிக்கொள்ளப்போவதில்லை. இதைத் தடுக்கக்கூடிய ஒரே ஆள் கையுறை மூட்டையின் மேல் உட்கார்ந்து வரலாறு எழுதிக்கொண்டிருந்தான்.

எழுதிப் பார்த்தேன். ‘காலத்தின் தேவை கருதி நிறம் மாற்றப்பட்டது’ என்று முதல் தடவை. யார் மாற்றினார்கள் என்பது இல்லாமல் ஒரு வாக்கியம் எழுதுவதில் கம்பெனிக் கடிதங்கள் எனக்கு நல்ல பயிற்சி கொடுத்திருந்தன. இரண்டாவது தடவை, ‘எதிர்பாராத சூழ்நிலையில்’. மூன்றாவது தடவை உண்மையை எழுதினேன். அரைப் பக்கம் வந்தது. படித்துப் பார்த்தால் குரூப்பில் என் மிச்ச வாழ்நாள் முழுவதும் எனக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்பது தெளிவாகத் தெரிந்தது. அழித்துவிட்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பேட்டி எடுக்கிறேன் என்ற சாக்கில் மாமா ஃபிளாட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று லிஃப்டில் ஏறினேன். சொல்லவேண்டாம் என்று இறங்கினேன். மருமகள் கதவைத் திறந்து, டீ வைத்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். மாமா சோஃபாவில் கால்முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன வாப்பா, வரலாறு எங்க வரைக்கும் வந்திருக்கு?”

“தோற்றத்துலதான் நிக்கிறேன் மாமா. பச்சைய ஏன் எடுத்திய?”

வேறு எதையாவது கேட்டிருக்கலாம். வாய் அங்கேதான் போனது. பெரிய விளக்கமாக வரும் என்று பேனாவைத் திறந்தேன். மாமா சிரித்தார்.

“அது பொம்பளப்புள்ளைய ஸ்கூல் யூனிபாரம் துணி. பாவாடைக்கு எடுத்தது மிச்சம் கெடந்துச்சி. அவன் வாப்பா டெய்லர்ல. கடையில சுருட்டி வச்சிருந்தாரு. அவன்தான் தலையில தூக்கிட்டு வந்தான். அவன் வாப்பா ஒரே ராத்திரியில பதினோரு சட்டை தச்சாரு. கூலி கேக்கல. கடைசிச் சட்டைக்குத் துணி பத்தல. அதனால அவன் சட்டைக்கு மட்டும் ஒரு கை கட்டை.”

யாரைச் சொல்கிறார் என்று கேட்கவேண்டிய அவசியம் இல்லை. பதினோரு வருடமாக அவர் செக்ரட்டரி காக்காவின் பெயரைச் சொல்வதில்லை. அவன் என்றால் அவர்தான்.

“ஆட்டத்துல தோத்தா பரவாயில்ல,” என்றார். சிரிப்பு போய்விட்டிருந்தது. “என்னைக் கமிட்டிய விட்டுத் தூக்கியிருந்தாலும் பரவாயில்ல. அவன் வாப்பா தச்ச சட்டை வாப்பா அது. மவுத்தாப் போன மனுசன். அதை அவனே தூக்கிப் போட்டானே. என்னைச் சங்கடப்படுத்தணும்னு சொந்த வாப்பா கைய மறந்தானே. அதைத்தான் என்னால தாங்க முடியல.”

அதுவரை நான் கரும்பச்சையை ஒரு நிறம் என்று நினைத்திருந்தேன். மாமாவின் கோபத்தை ஒரு கிழவரின் வீம்பு என்று நினைத்திருந்தேன். என்னை நினைத்து எனக்கு அருவருப்பாக இருந்தது. டீயைக் கீழே வைத்தேன். வைத்ததில் கொஞ்சம் சிந்தியது.

“மாமா, அவரு மாத்தல. நான்தான்.”

சொல்ல ஆரம்பித்தபிறகு நிறுத்தமுடியவில்லை. கடை, இரண்டு பெட்டி, நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று நான் சாப்பிடப் போனது, ரோலர் ஓட்டிய ஏழாம் நம்பர், எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றாம் நம்பர் போட்ட ஃபோர்மேனைப் பற்றிச் சொன்னபோது மாமா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். ஊரில் யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். அவர் சிரிக்கவில்லை. தைல பாட்டிலின் மூடியைத் திருகி மூட முயன்றார். அது குறுக்காகப் போய் மாட்டிக்கொண்டது. மறுபடி திறந்து மறுபடி மூடினார்.

“அப்ப இத்தனை வருசமா நான் யாருகூட சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன்?” என்றார்.

திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. திட்டவில்லை. “போனைப் போடு,” என்றார்.

போட்டேன். ஊரில் பிற்பகல் அஸர் தொழுகைக்கு முந்திய நேரம். நான்கு தடவை அடித்தபிறகு செக்ரட்டரி காக்கா எடுத்தார். ஸ்பீக்கரில் அவர் மூச்சு முதலில் வந்தது, குரல் பிறகு வந்தது.

“சொல்லு வாப்பா. வரலாறு முடிஞ்சிச்சா?”

மாமா போனை என் கையிலிருந்து வாங்கினார். ஸலாம் சொல்லவில்லை, நலம் கேட்கவில்லை.

“ஏன்டா சொல்லல?”

லைன் போய்விட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

“கேப்டனா?” என்றது குரல்.

“ஏன்டா சொல்லல? பெட்டி மாறிப்போச்சின்னு ஒரு வார்த்தை சொல்ல ஒனக்கு என்னடா கேடு?”

“அவன் சொல்லிட்டானா?”

“இப்பத்தான் சொன்னான். நீ ஏன்டா ‘நான்தான்’னு சொன்ன?”

செக்ரட்டரி காக்காவுக்கு இருமல் வந்தது. அது நிற்கும்வரை மாமா காத்திருந்தார்.

“அன்னைக்கி நான் கூப்பிட்டப்போ அவன் அழுவுற மாதிரி பேசுனான். வேலை போயிருமோன்னு பயந்து போயிருந்தான். ‘காக்கா, இதை யாருகிட்டயும் சொல்லிராதிய, என் மானம் போயிரும்’னான். சரி வாப்பான்னுட்டேன்.”

“என்கிட்டகூடவாடா?”

“யாருகிட்டயும்னா நீயும்தானடா.”

எனக்கு அது நினைவில் இல்லை. இப்போதும் இல்லை. மேனேஜர் மேசையைத் தட்டியது நினைவிருக்கிறது, கடிதத்தில் ஓர் எழுத்துப்பிழை விட்டதுகூட நினைவிருக்கிறது. ஏதேதோ சொல்லி வைத்தேன் என்று மேலே எழுதினேனே, அந்த ஏதேதோ இதுதான். போனை வைக்கிற அவசரத்தில் நான் சொல்லி, அன்றைக்கே மறந்துபோன ஒரு வாக்கியம். அதற்காக ஒருவர் ஐம்பது வருட சிநேகிதத்தை விட்டுக்கொடுத்து, தன் வாப்பாவை மறந்தவன் என்ற பழியைச் சுமந்து, பெருநாள் தொழுகையில் சிநேகிதன் இல்லாத வரிசையில் நின்றிருக்கிறார். அவர் புகழுக்கு ஆசைப்பட்டார் என்று நான் இங்கே உட்கார்ந்து எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தேன்.

மாமா தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

“மகன்கிட்ட டிக்கெட் போடச் சொல்றேன்,” என்றார். “நீ படியேறாத. நான் வாரேன் ஒன் வீட்டுக்கு.”

“வா.”

“ஊருக்கெல்லாம் சொல்லணும்டா. ஒன்னைப் பத்தி என்னென்ன பேசியிருக்கேன் நான். எல்லாரு முன்னாலயும் சொல்லணும்.”

“அது எப்படி?” என்றார் செக்ரட்டரி காக்கா. “நான் அவனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். அவன் பக்கத்துல இருக்கானா? சொல்லலாமான்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை கேளு.”

மாமா போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். “கேக்குறான்,” என்றார். “சொல்லலாமான்னு.”

வாயைத் திறந்தேன். ஒரு கூட்டத்தைப் பிரியாணி வரும்வரை பேச்சால் உட்காரவைத்த வாய் அது. ஒரு சத்தமும் வரவில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிந்து தாடியில் இறங்கியது. துடைக்கவும் தோன்றவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். வார்த்தை மட்டுமே போகிற போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும் என்பதுகூட அப்போது உறைக்கவில்லை. மறுபடியும் மறுபடியும் ஆட்டினேன்.

மாமா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“தலைய ஆட்டுறான்டா,” என்றார்.